தகர விமானத்தின் வயிறு

அமெரிக்காக்காரன் வருசக்கணக்காக உலகத்துக்கே காட்டாமல் ஒளித்துவைத்திருந்த கறுப்பு விமானத்தின் சூட்சுமம் முழுவதையும், கனகராயன்குளத்தில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தே கண்டுபிடித்துவிடுவது என்று குணநாயகம் தீர்மானித்தார்.

அவருக்கு அப்போது வேறு வேலையும் இல்லை. மணிக்கூடு திருத்துவது தொழில். அரசாங்கம் சாமான்களுக்குத் தடை போட்டு, பற்றரி வருவது நின்றுபோனபின் ஊர் மணிக்கூடுகள் எல்லாம் ஆளுக்கொரு நேரத்தைக் காட்டியபடி செத்துக் கிடந்தன. மிஞ்சியது கண்ணில் செருகிப் பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து, வளைகுடாச் சண்டைப் படங்கள் போட்ட ஆங்கிலப் புத்தகத் தாள் நாலு, கருவாடு சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. கருவாடு அன்றைக்கே குழம்பாகிவிட்டது. தாள் குணநாயகத்தைப் பிடித்துக்கொண்டது.

காலையில் கண்ணாடியைச் செருகினார் என்றால் மத்தியானச் சோற்றுக்குத்தான் கழற்றுவார். வீட்டுப் பூனையும் பக்கத்தில் இருந்து அந்தப் படத்தையே பார்க்கும். அதற்கு வாசம் காரணம்.

"என்னாண்ணே, இன்னைக்கி என்னா கண்டுபுடிச்சீங்க?" என்று வேலிக்கு அப்பாலிருந்து பழனியாண்டி கேட்பான். மலையகத்திலிருந்து வந்து பக்கத்துக் காணியில் மிளகாய் போட்டவன்.

"இஞ்சை பார் பழனி. இந்த விமானத்திலை வளைவு எண்டு ஒண்டு இல்லை. முழுக்கச் சப்பைத் தகடு. ரேடார் அலை வந்து பட்டா, வந்த வழியே திரும்பாது. சரிஞ்சு வேறை பக்கம் போயிடும்."

"சூடு கக்குற வாய் எங்கண்ணே?"

"பின்பக்கம், மேலை. அப்பளம் நுழையிற அளவிலை ஒரு கீறல். கீழை நிக்கிறவனுக்குச் சூடு தெரியாது."

"குண்டு?"

"அங்கைதான் இருக்கு மூளை! செட்டைக்குக் கீழை ஒண்டும் தொங்கேல்லை, பார். எல்லாம் வயித்துக்குள்ளை. வயித்துக் கதவின்ரை விளிம்பு வாள்ப்பல்லு மாதிரி. இதோ, மூக்கடியிலை மினுங்குதே, இது ஒரு ரகசிய யன்னல். இதை இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை."

பழனியாண்டி வேலியால் எட்டிப் பார்த்து, நகத்தால் அந்த யன்னலைச் சுரண்டி எடுத்துவிட்டான்.

"கருவாட்டுச் செதிலுண்ணே."

இதற்கெல்லாம் அசைகிற ஆள் குணநாயகம் இல்லை. குசினி அடுப்படியில் மனைவி சிவலட்சுமி சிரித்த சத்தம்தான் கொஞ்சம் உறைத்தது.

அந்தச் சிவலட்சுமிக்கு ஒரு கவலை இருந்தது. மகள் நிசாந்தினிக்குத் தலைப்பிள்ளை கஷ்டப்பட்டுப் பிறந்தபோது, தாயும் பிள்ளையும் சுகமாக வந்தால் குளக்கட்டு அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் பொங்குவேன் என்று நேர்ந்திருந்தாள். அம்மன் தன் பங்கைச் செய்துவிட்டா. சிவலட்சுமியும் தெரிந்த ஆட்களையெல்லாம் பிடித்து மூன்று கிலோ சர்க்கரைக் கட்டி சேர்த்துவிட்டாள். சீனியைக் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. குணநாயகமோ, கடிக்க ஒரு துண்டு இல்லாமல் தேத்தண்ணி இறங்காத மனிசன்.

அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். பானை விளிம்பில் பெருவிரல் அடையாளம் பார்த்துப் பிடித்தார். கூரைக் கிடுகுக்குள் செருகினாள். புது ஈர்க்கு ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததாம், அதை வைத்துப் பிடித்தார். சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள். எறும்பு காட்டிக் கொடுத்தது.

"எறும்புதான் என்ரை ரேடார்," என்றார் வாயில் சர்க்கரையோடு. "அமெரிக்காக்காரனே என்ரை கண்ணுக்குத் தப்பேல்லை. நீர் எம்மாத்திரம்?"

"அது அம்மனுக்கு நேர்ந்த சாமான். பாவம் வரும் கண்டியளோ."

"அப்ப ஒளிக்கப் பழகும்! மிச்சம் எவ்வளவு கிடக்கு?"

"ஒண்டரைக் கிலோ."

"சரி, பந்தயம். பொங்கலுக்கு முதல் கண்டுபிடிச்சா அது எனக்கு. பிடிக்காட்டி, ஊர் பாக்க நானே பொங்கல் அடுப்பு ஊதுவன்."

சிவலட்சுமி சுவரில் இருந்த அம்மனைப் பார்த்து ஒரு நிமிசம் கண்ணை மூடினாள். திறந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"அது கிடக்கட்டும். இவ்வளவு நாளும் படத்திலையே பாக்கிறியள். உந்த விமானத்தை ஒருக்கா செய்துதான் காட்டுங்கோவன். என்ரை மாப் போடுற தகர ரின் ரெண்டும் சும்மா கிடக்கு."

குணநாயகத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபத்தெட்டு வருசத்தில் அவர் செய்த எதற்கும் அவள் ஒரு ஆணிகூடத் தந்ததில்லை.

ஐந்து நாள் தகரம் வெட்டி, ஈயம் ஒட்டினார். இரண்டு முழ நீளம். சப்பைத் தகடு, சரிந்த வால், வாள்ப்பல்லு விளிம்போடு வயிற்றுக் கதவு இரண்டு. மேலே அடுப்புக்கரி பூசினார். பழனியாண்டியே வாயைப் பிளந்தான்.

"இஞ்சேருங்கோ," என்றாள் சிவலட்சுமி. "நல்ல சாமான். பொங்கலண்டைக்கு அம்மன் வாசலிலை வைச்சு எல்லாருக்கும் விளங்கப்படுத்துங்கோ. அதுவரைக்கும் வயித்துக் கதவைத் திறக்கக்கூடாது. முதல் திறப்பு அம்மனுக்கு முன்னாலை. நான் காப்பு நூல் கட்டி, கண்ணூறு படாமல் மஞ்சளும் பூசிக்கொண்டு வாறன். நீங்கள் போய்க் குளியுங்கோ."

அவர் கிணற்றடியால் திரும்பி வர, விமானம் மஞ்சள் நூல் சுற்றியபடி கூரை முகட்டு வளையில் தொங்கியது. தொங்கிய கம்பியிலும் தடிப்பாக மஞ்சள் பூசியிருந்தது. குணநாயகத்தின் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து தேடல். கண்ணாடியைச் செருகிக்கொண்டு அலுமாரிக்குக் கீழே தவழ்ந்தார். விறகைப் பிரித்து அடுக்கினார். கோழிக்கூட்டுக்குள் தலையை விட்டுக் கொத்து வாங்கினார். எறும்புகளின் பின்னால் வளவைச் சுற்றினார். அவை செத்த பூரான் ஒன்றிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டன.

ஆறாம் நாள் முற்பகல், குண்டு போட வருகிற பொம்பர் விமானத்தின் சத்தம் கேட்டது. எல்லாரும் வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் குதித்தார்கள். குணநாயகம் வாசலில் நின்று அண்ணாந்தார்.

"மேலை போறதை விடுங்கோ!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் சிவலட்சுமி. "உங்கடை விமானத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ! ஓடுங்கோ!"

ஓடிப்போய்த் தூக்கிவந்தார். பொம்பர் தூரப் போகும்வரை அவள் அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தபடி அம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். குணநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலை என்றால் என்ன என்று கடைசியில் இவளுக்கும் விளங்கிவிட்டதே!

"கொஞ்சம் பாரம்தான் என்ன?" என்றார். "உண்மை விமானமும் இப்படித்தான். வயித்திலைதான் பாரம்."

"ஓம்," என்றாள் சிவலட்சுமி.

பொங்கலன்று குளக்கட்டில் நல்ல சனம். பானையில் பால் பொங்கி, அரிசியும் போட்டாயிற்று. அடுப்புப் பக்கம் எங்கும் சர்க்கரையைக் காணவில்லை. குணநாயகம் சுற்றிவரப் பார்த்துவிட்டு வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

"இண்டைக்கும் வெளியிலை எடுக்கேல்லை! மனிசிக்கு என்னிலை பயம்! பழனி, நீ சாட்சி. நான் தோக்கேல்லை!"

"மொதல்ல வெமானத்தைக் காட்டுங்கண்ணே. சனம் நிக்குது."

குணநாயகம் தொண்டையைச் செருமினார். விமானத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். இப்படி ஒரு கூட்டம் அவருக்கு ஆயுளில் வாய்த்ததில்லை.

"எல்லாரும் வடிவாக் கேளுங்கோ. இதின்ரை பெரிய கெட்டித்தனம் வயிறு. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு வெளியிலை நிக்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. எவ்வளவு பெரிய கண்ணாடி போட்டுப் பாத்தாலும் தெரியாது. எப்ப தெரியும்? கதவு திறக்கேக்கை தெரியும். தெரியேக்கை எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்!"

சனம் கைதட்டியது. சிவலட்சுமி அரிசி புடைக்கிற சுளகை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் பக்குவமாக ஏந்தி நின்றாள். பூப் போடப் போகிறாளாக்கும் என்று குணநாயகம் நினைத்தார். மஞ்சள் நூலை அறுத்து, வாள்ப்பல்லுக் கதவு இரண்டையும் பெருமையோடு திறந்தார்.

தொப், தொப் என்று ஒன்றரைக் கிலோ சர்க்கரையும் சுளகில் விழுந்தது.

ஒரு கட்டியிலும் எறும்பு இல்லை. மஞ்சள் தன் வேலையைச் செய்திருந்தது. சிவலட்சுமி சர்க்கரையைப் பானையில் போட்டு, அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மடியிலிருந்து ஊதுகுழலை எடுத்து நீட்டினாள்.

"புகை கண்ணுக்குள்ளை போகும்," என்றாள் ஆதரவாக. "அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊதுங்கோ."