கிளிஃபர்ட் கட்டிய முயல் வீடு

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் ஷெட்டுக்குள்ள ஒரு முயல் கால் வைக்காது!" என்று கிளிஃபர்ட் கிரிம்ஷா காலைச் சாப்பாட்டு மேஜையில் சபதம் செய்தார். சபதம் செய்த கையில் முள்கரண்டி. முள்கரண்டியில் பொரித்த முட்டை. மஞ்சள் கரு வழிந்து சட்டையில் சொட்டியது. சபதத்தின் கம்பீரம் அங்கேயே பாதி ஒழுகிப் போயிற்று.

அவர் மனைவி ஹில்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரி" என்றாள்.

கிளிஃபர்ட் ரோச்டேல் நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். எந்தத் திருப்பத்தில் பனி உறைந்து வழுக்கும், எந்த நிறுத்தத்தில் சில்லறை இல்லாத ஆசாமி ஏறுவான் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் மனைவியின் "சரி" எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

தோட்டத்துக் கோடியில் இருந்த அந்த மரக் கொட்டகைதான் அவருடைய சொந்த நாடு. ஓட்டை ரேடியோ ஒன்று, உடைத்துப் போட்ட பஸ்ஸிலிருந்து கழற்றிவந்த டிரைவர் சீட்டு ஒன்று, துருப்பிடித்த சாமான்கள், வாயில் பைப். கிரிக்கெட் வர்ணனையும் புகையும் சேர்ந்து உள்ளே மண்டிக் கிடக்கும். வீட்டுக் கொல்லைக் கதவிலிருந்து ஹில்டா கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். "கிளிஃப், குழாய் ஒழுகுது!" "கிளிஃப், குப்பைத் தொட்டியை வாசல்ல கொண்டு வை!" ரேடியோவின் காதைத் திருகினால் அந்தக் குரல் அமுங்கிவிடும். அமுக்கித்தான் வந்தார்.

இப்போது முயல். அனாதை விலங்குகளின் காப்பகத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போன ஹில்டா, இரண்டு முயல்களைப் பேசி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"பெர்சி, மாவிஸ். யாருக்கும் வேண்டாம்னு விட்டுட்டுப் போயிருக்காங்க கிளிஃப்."

"காரணம் இல்லாமலா விட்டுட்டுப் போயிருப்பாங்க?"

"பார்த்தா மனசு உருகிப் போகும்."

"எனக்கு உருகாது. மசாலா தடவி அடுப்புல வெச்சா அதுதான் உருகும்."

"சரி" என்றாள் ஹில்டா.

அந்த வாரமே காப்பகத்திலிருந்து மிஸ் டக்கெட் என்ற பெண்மணி இடத்தைப் பார்வையிட வந்து நின்றாள். எலும்பும் தோலுமான உடம்பு. ஆனால் போலீஸ்காரக் குரல். கொட்டகைக்குள் தலையை நீட்டினாள். இருமினாள். தலையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"சின்னப் பெட்டிக்குள்ள அடைச்சு வெக்கறதுக்கெல்லாம் நாங்க முயல் குடுக்கறதில்ல மிஸ்டர் கிரிம்ஷா. அதுங்க ஓடணும், தாவணும், பின்னங்கால்ல எழுந்து நிக்கணும். இந்த ஷெட்டு பெரிசு, பொருத்தமா இருக்கும். ஆனா குளிர் உள்ள வரக் கூடாது. வெயில்ல வேகவும் கூடாது. ஒழுகக் கூடாது. காத்தோட்டம் வேணும், காத்து அடிக்கக் கூடாது."

"எனக்கே இதெல்லாம் கிடைச்சதில்லையே அம்மா!"

"எல்லாத்துக்கும் மேல, கூட ஒரு ஆள் இருக்கணும். தினமும் மணிக்கணக்கா உள்ள உக்காந்திருக்கணும். தனியா விட்டா ஏங்கிப் போயிடும்."

வாயைத் திறந்து மறுக்கப் போன கிளிஃபர்ட், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். மணிக்கணக்கா. உள்ள. உக்காந்திருக்கணும். அவர் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நாற்பது வாட் விளக்குதான். அவருக்கு அதுவே சூரியனாகத் தெரிந்தது.

சாயங்காலம் வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டு நைஜலிடம் திட்டத்தை அவிழ்த்தார். நைஜல் மனைவியை இழந்தவன். அடுத்தவர் வீட்டுச் சண்டைதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"முயலுக்குக் குளிரக் கூடாதாம் நைஜல்."

"சரி."

"அப்போ ஹீட்டர் வெக்கணும் இல்லையா?"

"வை."

"ஹீட்டர் முன்னாடி யார் உக்காந்திருப்பா?"

"முயல்."

"முயலும் நானும்டா! குழாய் ஒழுகுதுன்னு அவ கத்தினா, 'முயல் ஏங்கிப் போயிடும் கண்ணு'ன்னு நான் சொல்லிடுவேன். முயலுக்குன்னு ஹில்டா எடுத்துக் குடுக்கிற சேமிப்புல ஷெட்டு அரண்மனை ஆகப் போகுது. ராஜா நான். முயல் ரெண்டும் சும்மா காவல்காரன்."

நைஜல் வேலியில் முழங்கையை ஊன்றினான். "ஹில்டாவுக்கு இது தெரியாதா?"

"அவளுக்கா! அவ முயல் முகத்தைத் தவிர இப்போ எதையும் பாக்கறதில்ல."

மறுநாள் காலையிலேயே கிளிஃபர்ட் முயல ஆரம்பித்தார். உடம்பு வணங்கி ஒரு ஆணி அடித்தறியாத மனிதர் முயலுக்காக முயன்ற முயற்சியை ரோச்டேல் அதற்கு முன் கண்டதில்லை. நத்தை மருந்து, பெயின்ட் டப்பா, மரத்துக்குப் பூசும் தார் எண்ணெய் எல்லாம் வெளியேறின. முயல் நக்கினால் செத்துப் போகுமாம். பஸ் சீட்டும் வெளியேறியது. அதன் பஞ்சை முயல் தின்றுவிடுமாம். கிளிஃபர்ட் அதைக் குப்பை வண்டியில் ஏற்றும்போது கண் லேசாகக் கலங்கினார். புது நாற்காலியை நினைத்து உடனே துடைத்துக்கொண்டார்.

சுவரெல்லாம் குளிர் தடுக்கும் பலகை வைத்து, முயல் கடிக்காதபடி மேலே ஒட்டுப்பலகை அடித்தார். தரைப் பலகை மூத்திரத்தில் ஊறாமலிருக்க வழவழப்பான விரிப்பு ஒட்டினார். வழுக்கும் என்று மிஸ் டக்கெட் சொல்ல, அதன்மேல் பாய் விரித்தார். மின்சார ஒயரைக் குழாய்க்குள் ஒளித்தார். கோழி வலையை நரி பல்லால் கிழித்துவிடுமாம். கெட்டியான பற்றவைத்த கம்பி வலையை வாங்கி ஜன்னலுக்கு அடித்தார். பக்கவாட்டில் ஓடி விளையாட ஒரு கூண்டு கட்டி, முயல் சுரங்கம் தோண்டித் தப்பிக்காமலிருக்க மண்ணுக்கடியிலும் வலை புதைத்தார். பயந்தால் ஒளிந்துகொள்ளப் பெட்டிகள், ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியாக ஓடும்படி இரண்டு வாசல் வைத்து. ஏறிப் பார்க்க ஒரு மேடை. கதவுக்கு வெளியே மேலும் கீழும் தாழ்ப்பாள், நரிக்காக. உள்ளேயும் ஒரு தாழ்ப்பாள், ஆள் இருக்கும்போது முயல் வெளியே பாயாமலிருக்க.

ஆச்சரியம் என்னவென்றால், ஹில்டா எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். யோசனையும் கொடுத்தாள்.

"ஜன்னலை மேற்கே வெச்சா சாயங்கால வெளிச்சம் வரும் கிளிஃப்."

"ஆஹா! முயலுக்கு நல்லது."

"நாற்காலியை நானே பார்த்து வாங்கிட்டேன். கை வெச்ச நாற்காலி."

கிளிஃபர்ட் உட்கார்ந்து பார்த்தார். இடுப்பு கொஞ்சம் பிடித்தது. "சின்னதா இருக்கே?"

"எனக்குச் சரியா இருந்துதே" என்றாள் ஹில்டா.

பாவம், கடையில் உட்கார்ந்து அளவு பார்த்திருக்கிறாள், நம்ம அளவு தெரியாமல் ஏமாந்துவிட்டாள் என்று அவர் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். நீலப் பூப்போட்ட ஜன்னல் திரை தைத்து மாட்டினாள். அதற்கும் சிரித்துக்கொண்டார். தன் சேமிப்பில் புருஷனுக்கு மாளிகை எழுப்பித் தரும் அப்பாவி என்று வேலிக்கு மேலாக நைஜலிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முயல்களும் மிஸ் டக்கெட்டும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். அவள் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள். வலையை இழுத்துப் பார்த்தாள். தரையில் மண்டியிட்டு மூலையெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"நான் பார்த்ததிலேயே சிறந்த முயல் வீடு இதுதான் மிஸ்டர் கிரிம்ஷா."

கிளிஃபர்டின் மார்பு விரிந்தது. விரிந்த மார்பின் பையிலிருந்து பைப் எட்டிப் பார்த்தது. மிஸ் டக்கெட்டின் மூக்கு விடைத்தது.

"புகைப்பீங்களா?"

"எப்பவாவது..."

"எப்பவும்" என்றாள் ஹில்டா வருத்தமாக.

"அப்போ நீங்க உள்ள வரவே கூடாது. முயலோட நுரையீரல் பூ மாதிரி. உங்க சட்டையில இருக்கிற வாடையே அதுக்கு விஷம். வேணும்னா ஜன்னல் வழியா பாருங்க. கூட இருக்கப் போறது யாரு?"

"வேற யாரு இருக்கா?" என்று பெருமூச்சு விட்டாள் ஹில்டா. "நான்தான் இருந்தாகணும்."

அன்றிலிருந்து ஹில்டா காலையில் பாத்திரம் கழுவியதும் ஒரு ஃபிளாஸ்க் தேநீரோடு உள்ளே போவாள். தாழ்ப்பாள் விழும். அவ்வளவுதான்.

வேலியோரம் நைஜல் நின்றான். "என்னப்பா, ராஜா வெளியில நிக்கறாரு?"

"உன் வேலையைப் பாருடா."

"அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

வீட்டுக்குள் கிளிஃபர்டுக்கு எதுவும் பிடிபடவில்லை. கூடத்துக் கடிகாரம் இவ்வளவு சத்தமாக அடிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. எந்த அறையில் உட்கார்ந்தாலும் அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. குழாய் சொட்டியது. சொல்லிக் கூப்பிட ஆளில்லை. ஒரு மதியம் மழையில் நடந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஹில்டா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் மாவிஸ். காலடியில் பெர்சி வைக்கோலை இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. ஹில்டா அவற்றிடம் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று கிளிஃபர்ட் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. என்ன சொன்னாள் என்று கண்ணாடியில் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. குளிரோடு சத்தமும் புகாதபடி சுவரை அடைத்தவர் அவர்தான்.

அன்றே பைப்பைத் தூக்கி எறிந்தார்.

அது சாமானிய வேலையா? எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. புதினா மிட்டாயைக் கடித்துக் கடித்துப் பல் கூசியது. சட்டை, ஸ்வெட்டர், கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே துவைத்தார். ஸ்வெட்டர் சுருங்கிப் பெர்சி அளவுக்கு வந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை. ஒரு நாள், குளித்து, தலை வாரி, தன்னைத் தானே மோந்து பார்த்து, சோப்பைத் தவிர வேறு வாடை இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, மழையில் நடந்து கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"ஹில்டா, கதவைத் திற. பைப்பை விட்டுட்டேன்."

"தெரியும். நைஜல் சொன்னான்." கதவிடுக்கு வழியாக அவள் குரல் நிதானமாக வந்தது. "நல்ல காரியம். உடம்புக்கு நல்லது."

"இனிமே முயலுக்கு என்னால ஒரு ஆபத்தும் இல்ல."

"இல்ல."

"அப்போ திற."

"முயலுக்கு இல்லைன்னுதானே சொன்னேன்."

கிளிஃபர்ட் மழையில் நனைந்தபடி கதவைப் பார்த்தார். "மிஸ் டக்கெட் சொன்னதாலதானே..."

"வர்றப்போ அவர் பையில பைப் இருக்கான்னு பாருங்கன்னு அவங்களுக்கு போன் போட்டதே நான்தான் கிளிஃப்."

"நீயா? ஏன் ஹில்டா? இது என்னோட இடம்!"

"உன்னோட இடம்தான். முதல்ல பஸ்ஸு உன்னோட இடம். அப்புறம் ஷெட்டு. நடுவுல வீட்டுக்கு நீ வந்தது சாப்பிடத்தான்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குப் பழக்கமானதாக இருந்திருக்கும். "குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனே, குழாய்க்காகவா கூப்பிட்டேன்? அதை நானே எத்தனை தடவை சரி பண்ணியிருக்கேன். நீ வர்றியான்னு பார்க்கத்தான் கூப்பிட்டேன். ரேடியோ சத்தத்தை நீ ஏத்துறது கொல்லைக் கதவு வரைக்கும் கேட்கும்."

கிளிஃபர்டுக்குப் புதினா மிட்டாய் நாக்கில் கசந்தது.

"இப்போ வந்திருக்கேனே" என்றார் கடைசியில்.

"வந்திருக்கே" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் தீர்ந்து வெகுநாள் ஆனவளின் குரல் அது. "ஆனா நாற்காலி ஒண்ணுதான் இருக்கு."

"அந்த வீட்டுல தனியா உக்காந்து நான் என்னதான் பண்றது ஹில்டா?"

"உருளைக்கிழங்கு கூடையில இருக்கு. தோலை உரிச்சு வேக வை. சாப்பாடு ரெடியானதும் வந்து சொல்லு. கத்திக் கூப்பிடாதே, முயலுங்க தூங்குது."