சாக்கடை இல்லாத தெரு

"கூரத் தண்ணிய பூமிக்குள்ள வுடுறேன்றியே, அது எங்கம்மா போவும்?"

மூன்று வருடத்துக்கு முன்பு, கிராம சபைக் கூட்டத்தில் முன்னாள் தலைவர் நாராயணசாமி இப்படிக் கேட்டபோது, புதிய தலைவர் விஜயலட்சுமிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதில் தெரியும், மைக்கைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை. கூட்டம் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் வீடுகளைக் கட்டிவிட்டாள். சின்னசேலத்துக்கு வடக்கே, கல்வராயன் மலை நீலமாகத் தெரியும் தரிசில் இருபது வீடுகள். ஒவ்வொரு கூரையின் மழைத்தண்ணீரும் குழாய் வழியாகக் கொல்லையில் இருக்கும் கூழாங்கல் குழிக்குள் இறங்கும். குளித்த தண்ணீர் வாழைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் கல்வாழைக்கு. தெருவில் சாக்கடையே கிடையாது. தினமும் காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தத் தெருவை ஒரு நடை நடந்து பார்த்தால்தான் அவளுக்குக் காப்பி இறங்கும்.

நாளை பதினொரு மணிக்கு மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார். திட்டம் பிடித்துப்போனால் ஏரிக்கரைக் குடிசைகளில் காத்திருக்கும் பதினாறு குடும்பங்களுக்கும் இதே மாதிரி வீடு. பிடிக்காவிட்டால் கோப்பு மூடப்படும்.

அந்தக் குடிசைக்காரிகளில் ஒருத்தியான கமலாதான் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, மூணாவது வூட்டு முக்குல தண்ணி நிக்குது!"

"மழத் தண்ணியா?"

"மழ வுட்டு நாலு நாளாச்சேக்கா."

விஜயலட்சுமி போய்ப் பார்த்தாள். முறம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. மூன்றாம் வீட்டு அபிநயாவைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி இது? ஒன் வூட்டுத் தண்ணியா?"

"என்ன ஏன் கேக்குற? நான் குளிச்சே ரெண்டு நாளாச்சு!" தெருவே திரும்பிப் பார்த்ததும், "ஜொரம்" என்று அபிநயா சேர்த்துக்கொண்டாள்.

"சரி. ஆபீசர் வந்துட்டுப் போற வரைக்கும் இருவது வூட்லயும் யாரும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தக் கூடாது. குளியல் கெடையாது, தொவையல் கெடையாது."

மத்தியானத்துக்குள் வாசலெல்லாம் எச்சில் தட்டு, ஈ. தேக்கமோ பாய் அகலத்துக்கு ஆகிவிட்டது. எங்கிருந்தோ வந்த எருமை ஒன்று, ஒரு சுற்று சுற்றி இடம் பார்த்து, படுத்தும்விட்டது. அதை எழுப்ப நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

"கண்ணாயிரம் அண்ணன வரச் சொல்லு. ஒரு டிராக்டர் கிராவல் கொட்டட்டும்."

கண்ணாயிரம் நல்ல மனுசர். ஒரே குறை, மணி என்ன என்று கேட்டால் கடிகாரம் வாங்கிய நாளிலிருந்து ஆரம்பிப்பார். டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீரை உற்றுப் பார்த்தார்.

"தலைவரம்மா, நான் கல்யாணம் கட்டிக்கினு வந்த வருசம்..."

"அண்ணே, ஒங் கல்யாணக் கதைய ஆபீசர் போனப்புறம் கேக்குறேன். மொதல்ல மண்ணக் கொட்டு."

கொட்டினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கிராவல் மேடு கிண்டி வைத்த களி மாதிரிக் கொழகொழவென்று கிடந்தது. தண்ணீர் அதை இரண்டு பக்கமும் சுற்றி வந்து, நடுவில் ஒரு தீவையே உண்டாக்கியிருந்தது.

மணி ஒன்பது.

"அம்மா, அதான் நேத்தே சொல்ல வந்தேன். என் கல்யாணத்தப்போ இந்த எடத்துலதான்..."

"பந்தல் போட்டாங்களா? இப்பவும் போட்ருவோம்!" என்றாள் விஜயலட்சுமி, வழி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில்.

மேட்டைத் தட்டி நிரவி, மேலே சாமியானா கட்டி, சிவப்புக் கம்பளம் விரித்து, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டார்கள். ஈரம் ஜாஸ்தியாக இருந்த முன்வரிசை நடுவில் விஜயலட்சுமி தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். முழுகினாலும் தானே முழுகலாம் என்று கணக்கு.

ஆனால் பத்தரைக்கே நாராயணசாமி வந்துவிட்டார். சலவை வேட்டி, தோளில் துண்டு. முன்வரிசையில் நடு நாற்காலி எது என்று பார்த்தார். நேராகப் போய் அவளுடைய நாற்காலியிலேயே குந்திக்கொண்டார்.

"அய்யா, இப்டி வந்து குந்துங்களேன், காத்து வரும்."

"எனக்கு இங்கியே காத்து வருது."

காற்றோடு தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. அதிகாரி வந்து, வணக்கம் சொல்லி, வாழைகளைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே பந்தலுக்குள் நுழைந்த நேரத்தில், நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் கம்பளத்தோடு மெல்ல உள்ளே இறங்கின. நாராயணசாமி வானத்தைப் பார்த்தபடி சாய்ந்தார். அந்த நிலையிலும் அவர் முகம் மலர்ந்தது.

"சாக்கடை! சார், சாக்கடை! நான் அப்பவே கேட்டேன் சார்!"

அதிகாரி கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

"எந்த வீட்டுத் தண்ணிம்மா இது?"

விஜயலட்சுமிக்குப் பழையபடி நாக்கு ஒட்டப் பார்த்தது. தூரத்தில் கமலா கும்பிட்ட கையோடு நிற்பதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"தெரியல சார். நேத்துலேந்து இருவது வூட்லயும் யாரும் குளிக்கல."

அதிகாரி கூட்டத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார். பிறகு குனிந்து, தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். "வாடையே இல்லியே. கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த எடத்தப் பத்தி யாருக்காவது தெரியுமா?"

கண்ணாயிரம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையைத் தூக்கினார். "தலைவரம்மா, இப்ப சொல்லலாமா?"

"சொல்லுண்ணே."

"நான் கல்யாணம் கட்டிக்கினு வந்த வருசம், நம்ம அய்யாதான் தலைவரு. இங்கதான் போரு போட்டாரு. முந்நூறு அடி. சொட்டுத் தண்ணி இல்ல. 'செத்த போரு, கல்ல வெச்சி மூட்றா'ன்னாரு. மூடுனவன் நாந்தான்." கண்ணாயிரம், நாற்காலியில் சாய்ந்துகிடந்தவரிடம் மரியாதையாகக் குனிந்தார். "கூரத் தண்ணி எங்க போவும்னு கேட்டீங்களே, அய்யா... உள்ள போயி, செத்த போர எழுப்பிக்கினு, நீங்க குந்தியிருக்குற எடத்துக்கே வந்திருக்குது பாருங்க."

அதிகாரி, பரிசோதனைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டு, விஜயலட்சுமியின் பக்கம் கையை நீட்டினார். "அந்தப் பதினாறு வீட்டுக் கோப்பக் குடும்மா."

நாராயணசாமி இரண்டு பேர் தோளைப் பிடித்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வேட்டியின் பின்பக்கம் சொட்டச் சொட்ட, சாக்கடை இல்லாத அந்தத் தெருவின் கடைசி வரைக்கும் ஈரக்கோடு போட்டுக்கொண்டு நடந்து போனார்.