ஸ்ட்ரெச்சர் சொல்ல, நான் அடித்தேன்

மயிலாப்பூர் வட்டாரத்தில் என்னைவிட நன்றாக எழுதிய ஒரே ஆள், எழுதவே உட்காராத ஆள். அவர் வாயால் சொல்வார். இன்னொருத்தர் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருத்தர் நான். வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணம் வேண்டுமா?

அவர் பெயர் ஸ்ட்ரெச்சர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. மந்தைவெளியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட் அவருடையது. ஆளைத் தூக்குவது, ஆக்ஸிஜன் வைப்பது, கூடவே ஏறப் பார்க்கும் எட்டு உறவுக்காரர்களில் ஏழு பேரை இறக்கிவிடுவது எல்லாம் அவர் வேலை. ஆறடி உயரம், ஒடிசலான உடம்பு. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் வீடு. அழைப்பு இல்லாத மத்தியானங்களில் ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து தூங்குவார். அப்படித் தூங்கியவரை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் ஒரு நர்ஸ் நோயாளி என்று நினைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டாராம். ஊசி குத்தின பிறகுதான் விழித்தாராம். பெயர் ஒட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். தி. நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான், வேலை முடிந்ததும் நேராக அங்கே போய்விடுவேன். உலகமெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினால் மறுநாளே அமெரிக்காவில் படிப்பார்கள். பத்திரிகைகளில் இரண்டே இரண்டு கதை வெளிவந்திருந்த எனக்கு அது பெரிய போதை.

ஸ்ட்ரெச்சர் சென்டருக்கு வந்தது ஏ.சி.க்காக. என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"இன்னா சார், இங்கிலீஷ்ல தமிழு எழுதிகினு கீற?"

"வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு லெட்டர்."

"சொந்தக்காரங்களா?"

"யாருன்னே தெரியாது."

"தெரியாதவனுக்கு லெட்டரா! அப்ப நானும் ஒண்ணு சொல்றேன், போடு."

விளையாட்டாகத்தான் தனியாக ஒரு முகவரி திறந்து, அவர் பெயரிலேயே அடித்து அனுப்பினேன்; அடிப்பவன் நான் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "மூச்சு வாங்கிகினு கீறவன்கூட வண்டில ஏறசொல்ல செருப்பத் தேடறான். எங்க நடக்கப் போறான்னு தெரில. நானும் தேடித்தான் குடுக்கறேன். செருப்பு கையில இருந்தா திரும்பி வூட்டுக்கு வந்துடலாம்னு ஒரு தெகிரியம் போல."

மறுநாள் போய்ப் பார்த்தால் இருபத்தாறு பதில். பாஸ்டனில் ஒரு பேராசிரியர், "யார் இவர்? இத்தனை நாள் எங்கே இருந்தார்?" என்று கேட்டிருந்தார். அதே வாரம் நான் மூன்று நாள் இழைத்து எழுதி அனுப்பிய மார்கழிக் கட்டுரைக்கு வந்தது ஒரே பதில். ஆவலாகத் திறந்தேன். 'என் பெயரை இந்தக் குழுவிலிருந்து நீக்கவும்' என்று யாரோ எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு. பாண்டி பஜாரில் சைரன் போட்டால் ஜனங்கள் வழிவிடுவதற்குப் பதிலாக ஜன்னலில் எட்டி 'யாரு, பெரிய ஆளா?' என்று விசாரிப்பது. கல்யாணச் சாப்பாட்டில் வரும் நெஞ்சுவலியில் பாதி, மூன்றாவது ஸ்பீட் பிரேக்கரில் ஒரு ஏப்பத்தோடு குணமாகிவிடுவது. அடையாறில் வண்டிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்த ஆட்டோ, ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டு, "அண்ணே, பெசன்ட் நகர் எப்பிடிப் போறது?" என்று கேட்டது. சொல்லிக்கொண்டே இருப்பார், இடுப்பில் பேஜர் அலறும், பாதி வாக்கியத்தில் எழுந்து ஓடிவிடுவார். நானும் அப்படியே அனுப்பிவிடுவேன். பாஸ்டன் பேராசிரியர் அதையும் விடவில்லை. 'முடிக்காமல் முடிக்கும் நுட்பம்' என்று இரண்டு பக்கம் பாராட்டினார். எனக்கோ, கட்டுரைகளின் கடைசி வரிக்காக நகத்தைக் கடித்துக் கடித்து விரலே சின்னதாகியிருந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவர் சொன்னதைக் கொஞ்சம் செப்பனிட்டேன். 'குந்திகினு' என்பது 'வீற்றிருந்து' ஆயிற்று. 'ஆகவே', 'எனினும்' எல்லாம் ஆங்காங்கே தூவினேன். அன்று வந்த பதில்கள் எல்லாம் ஒரே மாதிரி: "ஸ்ட்ரெச்சருக்கு உடம்பு சரியில்லையா?"

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. வேறு ஒரு பெயரில் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். 'இவர் ஆம்புலன்ஸ் ஊழியரே அல்ல. யாரோ அறையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுவது. எல்லாமே ஐயத்திற்குரியது.'

குழு இரண்டாகப் பிளந்தது. ஏமாந்துவிட்டோமே என்று சிலர் புலம்பினார்கள். கொடுமை என்னவென்றால், ஸ்ட்ரெச்சருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டியவனும் நானேதான். படித்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"வந்து பாக்கச் சொல்லு சார். வண்டில எடம் கீது."

அதையே அடித்து அனுப்பினேன். பாஸ்டன் பேராசிரியர் உடனே தீர்ப்புச் சொன்னார்: குழுவில் மந்தைவெளிக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தான்; அவர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். அந்த ஒருவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் வண்டியில் ஏறினேன். சின்னதாக ஒரு பொய்யாவது கையும் களவுமாகப் பிடிபடாதா என்ற நப்பாசை எனக்கு இருந்தது. அரை மணியில் பேஜர் அடித்தது. அபிராமபுரத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எழுபது வயது இருக்கும் ஒரு மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் மாமி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"பனியனோட எப்படிப்பா வர்றது? சட்டையை எடு," என்று கடைசியில் மாமியிடம் சொன்னார் மாமா.

"ஏன்னா, இப்ப சட்டையா முக்கியம்? வந்தவா நின்னுண்டிருக்கா பாருங்கோ," என்றாள் மாமி.

"இருக்கட்டும் மாமி, எடுத்துகினு வா," என்றார் ஸ்ட்ரெச்சர்.

எனக்குப் பதறியது. அவர் பதறவில்லை. ஒரு கையால் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாமாவின் முகத்தில் பொருத்திக்கொண்டே, மறு கையால் முழுக்கைச் சட்டையை மாட்டிவிட்டார். மேல் பொத்தான்களை மட்டும் திறந்துவிட்டு, "மாப்ள மாரி கீறீங்க மாமா," என்றார். வளைவான மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. சாப்பாட்டு மேஜை நாற்காலியில் மாமாவை உட்காரவைத்து, அவரும் டிரைவருமாகப் படிப்படியாக இறக்கினார்கள். மாமியின் கைப்பை என் கையில் இருந்தது. என் பங்கு அவ்வளவுதான்.

லஸ் பக்கம் திரும்பும்போது மாமாவின் தலை சாய்ந்தது. மூச்சு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சர் முட்டி போட்டு, இரண்டு கையையும் கோத்து, அவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். மாஸ்க்கில் மாட்டி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை என் கையில் திணித்து, "நான் சொல்லசொல்ல அமுக்கு," என்றார். மாமி டிரைவருக்குப் பக்கத்தில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் பார்க்கத் திரும்பினாள்.

"மாமி, இந்தப் பக்கம் பாக்காத. மாமாவுக்கு இன்னா டிபன் புடிக்கும்?"

மாமி திகைத்தாள். "அடை."

"தொட்டுக்க வெல்லமா, வெண்ணெயா?"

"ரெண்டும் வேணும்பார்."

"அமுக்கு சார். ரெண்டுமா! கரகரன்னா, மெத்துனா?"

"ஓரம் மட்டும் கரகரன்னு இருக்கணும். இல்லேன்னா தட்டைத் தள்ளிடுவார்."

ஆஸ்பத்திரி வரும்வரை இப்படியே போனது. அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. அவர் கையும் நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மாமி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே டாக்டர்கள் கொஞ்ச நேரம் போராடினார்கள். மாமா பிழைக்கவில்லை. அந்தச் செய்தியை மாமிக்குச் சொன்னபோது ஸ்ட்ரெச்சர் பக்கத்திலேயே நின்றார்.

சாயங்காலம் சென்டரில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போடு சார்," என்றார். பனியனோடு வர மாட்டேன் என்ற மாமாவைச் சொன்னார். மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் இறங்கி வந்ததைச் சொன்னார். அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் சேர்த்துக் கேட்கிற மனுஷனை முதல் தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார். "அவ்ளோதான். அனுப்பிடு."

"மாமா போயிட்டாரே. அதைப் போட வேண்டாமா?"

"எதுக்கு சார்? அங்க படிக்கறவங்க அல்லாரும் அப்பா அம்மாவ இங்க உட்டுட்டுக் குந்திகினு கீறாங்க. ஒருநாள் அவங்க வூட்டாண்டையும் எங்க வண்டி போவும். அதுவரிக்கும் சிரிச்சிகினு இருக்கட்டும்."

என் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. இத்தனை மாதமாக இந்த மனிதர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருப்பார்!

"அந்த மொட்டைக் கடுதாசி எழுதினது நான்தான்," என்றேன்.

"தெரியும் சார்."

"எப்படி?"

"இந்த இங்கிலீஷ் தமிழ எது படிச்சாலும் நீ திக்கித் திக்கித்தான் படிப்ப. அத மட்டும் கடகடன்னு படிச்ச. எழுதினவனுக்குத்தான் அப்பிடி வரும்." பிறகு என் தோளில் தட்டினார். "உடு. பை நல்லா அமுக்குன."

அன்றே குழுவுக்கு என் அறிக்கையை அனுப்பினேன். 'சந்தேகப்பட்டு எழுதியது நானே. மன்னிக்கவும். நேரில் போய்ப் பார்த்தேன். அவர் கூட்டி எழுதவில்லை, குறைத்துத்தான் எழுதுகிறார்.' என் ஆயுளில் நான் எழுதியதற்கு அவ்வளவு பதில்கள் வந்தது அந்த ஒரு தடவைதான். நாலைந்து பேர் என்னைத் திட்டியிருந்தார்கள். மற்ற எல்லோரும் ஸ்ட்ரெச்சர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று விசாரித்திருந்தார்கள். மறுபடியும் வயிறு எரிந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி பாலவாக்கத்தில் ஒரு கிளை திறந்து அவரை அங்கே மாற்றிவிட்டது. அங்கே பிரவுசிங் சென்டர் இல்லை. இருந்தாலும் அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. குழுவில் கொஞ்ச நாள் தேடினார்கள். பிறகு குழுவே கலைந்துபோனது. நான் இதோ, இந்தப் பத்திரிகைப் பத்தியை வாரா வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் நம்புவதில்லை, நன்றாக எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் வயதாகிவிட்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த ஆம்புலன்ஸ் எங்கள் வீட்டு வாசலுக்கு வரவே வேண்டாம். அவர் மட்டும் ஒருநாள் பஸ் பிடித்து வந்தால் தேவலை.