மழையில் தடைபட்ட பெண்ணழைப்பு

ஒரகடம்,
ஐப்பசி, திங்கட்கிழமை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா உலகம்மாள் அவர்களுக்கு, தம்பி கோமதிநாயகம் குனிந்து வணங்கி எழுதுவது. இங்கு நானும் மகள் சுகப்பிரியாவும் நனைந்த நிலையில் நலம். சங்கரன்கோவிலில் நீங்களும் அத்தானும் மருமகன் வேல்ராஜும் காய்ந்த நிலையில் நலமாக இருக்க கோமதி அம்பாள் துணை இருப்பாளாக. போனில் சொல்லியிருப்பேன். அது நேற்றிலிருந்து மகள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் சமையலறையில் அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. ஈரத்தை அரிசி இழுத்துவிடுமாம்.

முதலில் நல்ல செய்தி. பிள்ளை துரும்பாய் இளைத்துவிட்டாள், கண்ணில் உயிர் இல்லை என்று உங்களிடம் வந்து சொன்ன புண்ணியவான் யாரோ, அவன் முதலில் தன் கண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு வரட்டும். காலையில் ஆறு இட்லி சாப்பிடுகிறாள். நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒரு வாரமாக அடைத்திருந்த என் நெஞ்சு லேசானது.

வந்த காரியத்தை நான் மறக்கவில்லை. "ஏல தம்பி, தை மாசம் கல்யாணம், மண்டபம் பேசியாச்சு. புள்ளைய வேலைய விடச் சொல்லி கையோட கூட்டிட்டு வா. அவகிட்ட கேக்காத, சொல்லு" என்று நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கச் சொன்னது காதிலேயே நிற்கிறது. நானும் சொல்லத்தான் பார்த்தேன். மழை விட்டால்தானே?

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் குடும்ப நாளாம். வேலை செய்யும் பிள்ளைகள் அப்பா அம்மாவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் ரோட்டில் இருக்கும் தீம் பார்க்குக்குப் போகலாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏறினால், டிரைவர் எல்லப்பன் போட்ட பாட்டில் என் கடைவாய்ப் பல்லே ஆடியது. கொஞ்சம் குறையுங்கள் தம்பி என்றேன். "இன்னா பெரியவரே, வாரம் பூரா மிஷின் சத்தம் கேட்டுகினு கீதுங்க இந்தப் பொண்ணுங்க. ஒரு நாளு பாட்டு கேக்கட்டுமே" என்றார். துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இறங்கியவுடன் கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் நீல மழைக்கோட்டு கொடுத்தார்கள். முந்நூறு பேர், முந்நூறு நீலம், பெற்றவனுக்கே பிள்ளையை அடையாளம் தெரியாது.

படகுச் சறுக்கலுக்கு வரிசையில் நின்றோம். அப்போது சுகப்பிரியா, "எப்பா, கூட வேல பாக்குத பூமாரிக்குக் கால் சுளுக்கிட்டு. நான் போய் பாத்துட்டு வாரேன். நீங்க எடத்த விட்டு நகராதிய, ரிலீவர் அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். இவர்கள் கம்பெனியில் அது சட்டம் அக்கா. மாற்று ஆள் வந்து தோளைத் தொடும்வரை மிஷினை விட்டு ஒரு அடி நகரக் கூடாது, அந்த ஆளுக்குத்தான் ரிலீவர் என்று பெயர். நானும் ஐயனார் சிலை மாதிரி நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நீலக் கோட்டு வந்து தோளைத் தொட்டது. நான் மகள்தான் திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்து, கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மானத்தை அடகு வைத்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேல்ராஜ் தங்கமான பையன், அத்தை தாய்க்குத் தாயாகப் பார்ப்பாள், வேலையை விட்டுவிடு, நாளைக்கே கிளம்புவோம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. அடடா, என்ன அடக்கம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் வரிசை நகர்ந்து எங்கள் இரண்டு பேரையும் படகில் உட்கார வைத்துப் பூட்டிவிட்டார்கள். படகு மேலேயிருந்து விழுந்த வேகத்தில் என் ஒரு செருப்பு போனது, போன் குளித்தது, பக்கத்தில் இருந்தவளின் முகத்தை மூடியிருந்த கோட்டுத் தொப்பி விலகியது. பார்த்தால் சுகப்பிரியா அனுப்பிய ரிலீவர், ஒடிசாவில் இருந்து வேலைக்கு வந்த பிள்ளை, தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தால் தையில் உங்களுக்கு மருமகள் உறுதி.

பிறகு மழை சற்று வெறித்ததும் பெரிய ராட்டினத்தை ஓட்டினார்கள். நானும் சுகப்பிரியாவும் மட்டும் ஒரு பெட்டியில். இதை விட்டால் சமயம் இல்லை என்று வாயைத் திறந்தேன். உச்சிக்குப் போனதும் கரண்ட் போய்விட்டது. இருபது நிமிடம் அந்தரத்தில் தொங்கினோம். இடி என்றால் இடி, அப்படி ஒரு இடி. நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. நான் என்ன செய்வேன்?

இறங்கினால், மழை வலுத்துவிட்டது, எல்லோரும் கிளம்புங்கள் என்று விரட்டுகிறார்கள். முந்நூறு பேரும் ஒரே வாசலுக்கு முண்டியடிக்க, சூப்பர்வைசர் பச்சையப்பன் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் காதிலும் விழவில்லை. அப்போது நம்ம சுகப்பிரியா ஒரு பெஞ்சு மேலே ஏறி நின்று, "லைன் ஏழு இங்கிட்டு! லைன் எட்டு அங்கிட்டு! பெரியவங்க முன்னால!" என்று ஒரு சத்தம் போட்டாள். தண்ணி வேணுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை அக்கா! கூட்டம் அப்படியே பிரிந்து நின்றது. லைன் என்றால் கம்பெனியில் மிஷின் வரிசை; என்னை அறியாமல் நானும் போய் லைன் ஏழில் நின்றேன். "பெரியவரே, அது உங்க பொண்ணா? சூப்பரா மேய்க்குது" என்றார் எல்லப்பன். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் ஒரகடம் வந்து சேர்ந்தோம். அதை நினைத்தால் இப்போதும் நிம்மதியாக இருக்கிறது.

ஆகவே அக்கா, குற்றம் என்னுடையது அல்ல, மழையுடையது. கார்த்திகை முடிந்து வானம் வெளுத்ததும் திரும்ப வந்து, கண்டிப்பாகச் சொல்லி, கண்டிப்பாக அழைத்து வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், வேல்ராஜுக்கு என் ஆசிகள், உங்கள் கோபத்துக்கு முன்கூட்டியே என் மன்னிப்புக் கோரிக்கை.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
கோமதிநாயகம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனேன், கை வரவில்லை. ராட்டினத்தில் இடி இடிக்கவில்லை அக்கா. ஒரு சத்தமும் இல்லை. அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உயரத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "எப்பா, அடுத்த மாசம் என்னைய லைன் லீடர் ஆக்கப் போறாக. நீங்க என்னைய கூட்டிட்டுப் போகத்தான வந்திருக்கிய?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். "இல்லட்டி, சும்மா உன்னைப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் விட்ட பெருமூச்சில் எனக்கும் மூச்சு வந்தது. மீதி நேரம் முழுக்க எந்தக் கூரை எந்தக் கம்பெனி என்று மேலேயிருந்து காட்டிக்கொண்டே இருந்தாள். மழை விட்டாலும் விடாவிட்டாலும் நான் அவளை அழைத்து வர மாட்டேன். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக உங்களிடம் மாட்டேன் என்கிறேன். வேல்ராஜுக்கு வேறு பெண் பாருங்கள்.