பையனின் கணினிக்கு ஒரு குழு

இந்த வீட்டில் இனி என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பையன் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவனே பாகம் பாகமாக வாங்கிக் கோத்த கணினி அவன் அறையில் இருக்கிறது. தினமும் அதைப் போட்டு, திரையில் வரும் அவன் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரோடும் பேச்சு கிடையாது. சாப்பாடும் பாதிதான். திடீரென்று ஒருநாள் படம் வரவில்லை. உள்ளே காற்றாடி சுற்றியது, பீப் பீப் என்றது, அவ்வளவுதான்.

"கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்."

"கடைக்காரன் கை படக் கூடாது. நீங்களே சரி பண்ணுங்க."

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஃபேன் ஸ்விட்ச்தான்."

"ஆன்லைன்ல இதுக்குன்னு குழு குழுவா இருக்காங்களாம். நல்லதா ஒண்ணு பார்த்துச் சேருங்க."

என் பேச்சு அத்தோடு எடுபட்டது.

குழு தேடுவது வாடகை வீடு தேடுவது மாதிரி. உள்ளே போனால்தான் ஒழுகுவது தெரியும். முதல் குழுவில் எல்லார் கணினிப் பெட்டியிலும் கலர் விளக்கு எரிந்தது. "அங்கிள், பக்கத்துல காயலாங்கடை இல்லையா?" என்றான் ஒருவன். இரண்டாவதில் விதிமுறைகளைப் படித்து முடிப்பதற்குள் யாரும் பதில் போட முடியாதபடி என் கேள்வியைப் பூட்டிவிட்டார்கள். மூன்றாவதில் ஒரு பல் டாக்டர் இருந்தார். பல் பிடுங்காத நேரத்தில் பழைய கணினிகளைத் திறந்து பார்ப்பவர்.

"பெட்டி யாரோடது சார்?"

"பையனோடது."

"அவர் ஊர்ல இல்லையா?"

"உலகத்துலயே இல்லை."

டாக்டர் எழுதினார்: "மெதுவாவே பார்ப்போம் சார். எங்களுக்கும் அவசரமில்லை."

அந்தக் குழுவிலேயே தங்கிவிட்டேன். தினமும் ஒரு திருகாணியைக் கழற்றுவேன். பையனைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவேன். மூடியைத் திறந்து படம் அனுப்பியதும் டாக்டர் போனிலேயே கூப்பிட்டார்.

"சார், ஒரு பல்லைக் காணோமே! மெமரி பட்டை இருக்கற இடம் காலி. அது தானா விழாது. யாரோ கழட்டியிருக்காங்க."

வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் கழற்றவில்லை.

"ஏம்மா!"

பீரோவிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய பட்டையை எடுத்து நீட்டினாள்.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"அவன் கழட்டி மாட்டறப்பல்லாம் டார்ச் பிடிச்சது யாரு, நீங்களா?"

"எதுக்கு எடுத்தே?"

"எனக்கும்தான் பிள்ளை போச்சு. பேச்சுத் துணைக்கு வீட்ல ஒரு ஆள் வேணாமா? நேத்து அந்த டாக்டர் எழுதினதைப் படிச்சுட்டுச் சிரிச்சீங்க. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

அவள் டார்ச் பிடித்தாள். நான் பட்டையை மாட்டினேன். திரையில் பையன் வந்தான்.

மறுநாள் காலையில் ஸ்விட்சைப் போட்டேன். பீப் இல்லை. காற்றாடிகூடச் சுற்றவில்லை.

"ஏம்மா, இப்ப எதை எடுத்தே?"

"குழுவுல கேளுங்க."