காயலாங்கடை அக்காவும் கம்ப்யூட்டர் பித்தளையும்

கண் பார்வையைக் கடவுள் கொருக்குப்பேட்டைக்கு மொத்தமாக அனுப்பி வைத்தபோது, முக்கால் பங்கைக் காயலாங்கடை அக்கா ஒருத்தரே வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பது என் முடிவு. மிச்சத்தைத்தான் தெருக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு வந்த பங்கு ஊசியில் நூல் கோக்கத்தான் சரியாக இருந்தது.

அவருடைய பெயர் ரேஷன் கார்டில் என்னவோ இருந்திருக்கும். தெருவுக்கு அவர் காயலாங்கடை அக்கா. பழைய இரும்பு, தகரம், பித்தளை, பேப்பர் எல்லாம் எடைக்கு வாங்கும் கடை. எதிரே என் பிளவுஸ் தைக்கும் கடை. நான் சத்தமாகப் பேசாதவள். அளவெடுக்கும்போதுகூட வருகிறவர்கள்தான் பேசுவார்கள், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், ஆபீஸ்களில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் பழையதைக் கழித்துப் போட்ட காலம். அப்படி ஒன்று அக்கா கடைக்கு எடைக்கு வந்தது. டிவி மெக்கானிக் ஒருவர் அதைத் தட்டிக்கொட்டி உயிர் கொடுத்து, பர்மா பஜாரில் வாங்கிய கேம்ஸ் சிடி ஒன்றையும் உள்ளே போட்டுவிட்டுப் போனார்.

அதில் ஒரு விளையாட்டு. ஒரு பாழடைந்த பங்களா. அறைக்கு அறை தட்டுமுட்டுச் சாமான் மலையாகக் குவிந்து கிடக்கும். கீழே இங்கிலீஷில் ஒரு பட்டியல் ஓடும். நேரம் முடிவதற்குள் அந்தப் பொருள்களை மட்டும் தேடிப்பிடித்து மௌஸால் தட்ட வேண்டும். முதல் அறையைப் பார்த்ததுமே அக்கா மூக்கின் மேல் விரலை வைத்தார்.

"இன்னாடா இது, நம்ம கட மாறியே கீது!"

ஆனால் அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மத்தியான வேளையில் தெருவில் வேலையில்லாமல் இருந்த பத்தாவது பாஸ் நான் ஒருத்திதான்.

"யம்மே, தெச்சது போதும். இங்க வந்து இத்தப் படி."

உட்காரக் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா. நான் எழுத்துக் கூட்டினேன். "எச்... ஓ... ஆர்... ஹார்ஸ். அப்புறம் ஷூ. ஹார்ஸ் ஷூ, அக்கா."

"குதிரைக்கு இன்னாத்துக்குமே ஷூ? லாடம்! அதோ, கடியாரத்துக்குப் பின்னால பல்லிளிக்குது பாரு."

டக். லாடம் மறைந்தது. வேடிக்கை பார்க்கப் பின்னால் நின்ற தெருக்கூட்டம் ஆர்ப்பரித்தது. "இன்னா கண்ணுப்பா யக்காவுக்கு!" கூட்ஸ் வண்டி போகும்போது கடையே ஆடும், திரையில் படமும் ஆடும். அந்த ஆட்டத்திலேயே அக்கா ஊசியை எடுப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். படித்துச் சொன்னது யார் என்று ஒரு ஜீவனும் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து நானே உட்கார்ந்தேன். குடையைத் தேடினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை தேடினேன். பின்னாலிருந்து, வாய் நிறைய சோற்றோடு ஒரு குரல் வந்தது.

"கண்ண தொற. உன் மூக்குக்கு நேராதான் கீது."

இத்தனை திறமைக்கும் ஒரு குறை உண்டு என்பதுதான் எனக்கு ஆறுதல். பட்டியலில் இல்லாததைத் தட்டினால் நேரம் குறைந்துவிடும். அக்காவால் பித்தளையைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியாது.

"அக்கா, அந்த விளக்கு லிஸ்ட்ல இல்ல!"

"அதுக்கு? அசல் பித்தள அனாதையா கெடக்குது, வுட்டுட்டு வர சொல்றியா?"

டக் டக் டக் என்று தட்டுவார். நேரம் தீர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. "நம்ம பங்களாதானே அக்கா, அப்புறமா எடுத்துக்கலாம்" என்று சொன்னால் மட்டும் கையை இழுத்துக்கொள்வார். அந்த வித்தை எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதே சிடியில் வாளோடு ஒரு வீரன் காடு மேடெல்லாம் சுற்றும் ஆட்டமும் இருந்தது. ஆரம்பத்தில் அவனுக்குப் பெயர் வைக்கச் சொல்லும்.

"எங்க வூட்டுக்காரர் பேரயே வையி."

"அவர் பேரு என்னக்கா?"

"அத்த நான் எப்டிமே வாயால சொல்றது?"

வேறு வழியில்லாமல் 'வூட்டுக்காரர்' என்றே அடித்தேன். வீரன் அரக்கர்களை வெட்ட, அக்கா அவர்களுடைய உடைந்த வாள், ஓட்டைக் கவசம் எல்லாவற்றையும் பொறுக்கினார். ஆட்டத்துக்குள் வரும் கடைக்காரன் சொன்ன விலைக்கு விற்க மாட்டேன் என்றார். "உருக்கினாகூட மேல போவும். திருட்டுப்பய!" கடைசியில் பாரம் தாங்காமல் வீரனால் ஓட முடியவில்லை. எதிரே ஓநாய்க் கூட்டம்.

"யோவ் வூட்டுக்காரரே, ஓடுய்யா!" என்று அக்கா அலற, தராசு அருகே நின்ற அசல் வீட்டுக்காரர் இரும்பைப் போட்டுவிட்டுத் தெருக்கோடிவரை ஓடிவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். டோல்கேட் பக்கம் ஏதோ கொரியர் ஆபீஸில் வேலை. பி.காம். பழைய பேப்பர் போட வந்தவள், திரையைப் பார்த்து நின்றாள். நான் ஒரு வார்த்தையின் நடுவில் திணறிக்கொண்டிருந்தேன்.

"கேண்டில்ஸ்டிக், பைனாகுலர்ஸ், பட்டர்ஃப்ளை" என்றாள், மூச்சு விடாமல். அர்த்தமும் சொன்னாள்.

அக்கா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. பித்தளையைப் பார்க்கும் பார்வை அது.

மறுநாள் அவளுக்குப் பிளாஸ்டிக் சேர் போடப்பட்டது. ரோஸ்மில்க் வாங்கித் தரப்பட்டது. இத்தனை நாளில் எனக்கு ஒரு டீ வந்ததில்லை. என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. நானேதான் வந்துவிட்டேன். என் மிஷினில் உட்கார்ந்துகொண்டு எதிர்க்கடைச் சிரிப்பைக் கேட்டேன். ஒரு கல்யாணப் பிளவுஸுக்கு இரண்டு கையையும் உள்வெளியாக வைத்துத் தைத்தேன். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை தெருவுக்குள் வந்தபோது, எனக்குள்ளிருந்துதான் வருகிறதோ என்று சந்தேகப்பட்டேன். அக்கா பக்கத்தில் இனி எனக்கு இடம் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் எதிரே பெரிய கைத்தட்டல். தையலை நிறுத்தாமல் மிதித்தேன். கொஞ்ச நேரத்தில் கடையை விட்டு நகராத அக்கா, தெருவைத் தாண்டி வந்து என் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"முட்ஞ்சிப் போச்சிமே."

"என்னக்கா?"

"பங்களா. எல்லா ரூமும். அவ படபடன்னு பட்ச்சா, நான் தட்னேன். கம்ப்யூட்டரு வாண வேடிக்க வுட்டுச்சி. முட்ஞ்சிப் போச்சி."

"நல்லதுதானேக்கா" என்றேன், நூலைப் பல்லால் கடித்து.

"இன்னா நல்லது? நீ பட்ச்சா ஒரு ரூமு ஒரு வாரம் தாங்கும். நீ ஒரொரு எழுத்தா முழிச்சிகினு இருக்கசொல்ல, நான் பரண்ல இன்னா கீது, அலமாரில இன்னா கீதுன்னு சாவகாசமா பாத்துகினு இருப்பேன். அவ ஒண்ணியும் பாக்க வுடல. நம்ம ரெண்டு பேரு பங்களாவ பொசுக்குனு காலி பண்ணிட்டாமே."

கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"சிடில இன்னொரு பங்களா கீதாம். அத்த அவளுக்குக் காட்டல. எந்திரி."

போனேன். புதுப் பங்களா திறந்தது. வாசலிலேயே பித்தளைச் சாமான் குவிந்து கிடந்தது. அக்கா கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டியலின் முதல் வார்த்தை மூன்றே இங்கிலீஷ் எழுத்து. சாவி. எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை.

"கே..." என்று ஆரம்பித்தேன். அடுத்த எழுத்துக்கு அவசரப்படவில்லை.