ஆனி பன்னிரண்டும் ஐம்பது மடக்கு நாற்காலிகளும்

இருபத்தைந்து வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவுமே இருக்கவில்லை. அதன் பிறகுதான் தெரியாதவை வருஷத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட ஆரம்பித்து, இப்போது ஓய்வு பெற்ற காலத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது என்கிற நிலைக்கு நிம்மதியாக வந்து சேர்ந்திருக்கிறேன். இந்தச் சரிவு தொடங்கிய நேரம்கூட ஞாபகமிருக்கிறது. ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை பத்தே முக்கால்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் நகரமைப்பு படித்துவிட்டு நாங்கள் ஐந்து பேர் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். ஊர்களை மாற்றி அமைக்கப் போகிறோம் என்று வந்தவர்களுக்கு, பெரிய அதிகாரி பென்சிலில் போட்ட கோட்டுக்கு மை ஏற்றுகிற வேலை கொடுத்தார்கள். பொங்கி எழுந்தோம். (ஆபீசுக்கு வெளியே, டீக்கடையில்.) ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் இலவசமாகத் திட்டம் போட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்து, 'இளம் நகரமைப்பாளர் தன்னார்வப் பேரவை'யைத் தொடங்கினோம். அப்போது தமிழ்நாட்டில் மூன்று பேர் சேர்ந்தால் மன்றம், ஐந்து பேர் சேர்ந்தால் பேரவை. நான் தலைவர். ராமநாதன் செயலாளர். மற்ற மூவரும் துணைத்தலைவர், பொருளாளர், கொள்கை பரப்புச் செயலாளர். உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. முதல் பணியாக ரப்பர் ஸ்டாம்பு செய்தோம்.

முதல் அழைப்பு ஒரு மிராசுதாரிடமிருந்து வந்தது. கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அவருக்கு நிலம். (பெயரை எழுத மாட்டேன். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே இன்றும் ஜன்னலோரம் உட்கார மாட்டேன்.) அவர் நிலத்தின் நடுவே ஒரு மேட்டில், அவரிடம் கூலிவேலை செய்த முப்பத்திரண்டு குடும்பங்கள் குடிசை போட்டிருந்தன. கூலித் தகராறு நடந்து, செங்கொடி ஏறி, இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டிருந்த சமயம். குடிசை இருக்கும் இடம் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் வேறு கொண்டுவந்துவிட்டது. மிராசுதார் ஒரு யோசனை வைத்திருந்தார். மேட்டை அவரிடமே விட்டுவிட்டால், அதற்குப் பதிலாக ரோட்டோரம் இரண்டு ஏக்கர் சமதரை கொடுப்பார். அந்த இடம் வீடு கட்ட ஏற்றதுதான் என்று விஷயம் தெரிந்தவர்கள் சான்று கொடுத்தால், வருவாய்த் துறை ஆர்.டி.ஓ. வந்து இடமாற்றத்துக்கான தாளில் கையெழுத்துப் போடுவார். சனங்களும் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டால் பிறகு மேட்டின் மேல் அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

விஷயம் தெரிந்தவர்கள் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் காசு வாங்காதவர்கள், ஆகவே நடுநிலையானவர்கள் என்பது எங்கள் கட்சி. மிராசுதார் வீட்டுக் கேசரியும் வடையும் அதில் சேராது என்று பொருளாளர் தீர்ப்புச் சொன்னார்.

வைகாசி வெயிலில் போய் இடத்தைப் பார்த்தோம். அப்படி ஒரு சமதரையை நான் அதுவரை கண்டதில்லை. தோசைக்கல் மாதிரி கிடந்தது. லெவல் கருவியை நிறுத்தி நான்கு மூலைகளிலும் அளந்தேன். மூலைக்கு மூலை இரண்டு அங்குலம்கூட வித்தியாசமில்லை. "இயற்கையே நமக்காகச் சமன் பண்ணி வச்சிருக்கு, தலைவரே!" என்று ராமநாதன் கைதட்டினான். இடத்துக்குள்ளேயே அளந்துகொண்டிருந்த எங்களில் ஒருவனுக்காவது, அந்த இடத்துக்கும் சுற்றியிருந்த ஊருக்கும் எவ்வளவு உயர வித்தியாசம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

தரையெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எங்கு பார்த்தாலும் நத்தை ஓடுகள். 'மண்ணில் சுண்ணாம்புச் சத்து மிகுதி' என்று அறிக்கையில் எழுதினேன். லெவல் பார்க்கிற கம்பை ஊன்றியபோது அது ஒரு நண்டு வளைக்குள் முழங்கை ஆழம் இறங்கியது. 'காற்றோட்டமுள்ள மண்.' காய்ந்துபோன கோரை அடிக்கட்டைகளைப் பார்த்து, 'பூங்காவுக்கு உகந்தது' என்று எழுதினேன். அந்த அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. காய்ச்சலில் புத்தி தடுமாறினால்கூட எடுத்துப் படிப்பதில்லை.

அப்போது மேட்டிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். அஞ்சலை என்று பெயர். நடவு ஆட்களுக்குத் தலைமையாக நின்று கூலி பேசுகிறவர். அவர் சொன்னால்தான் அந்தத் தெரு கைநாட்டு வைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

"சார், இது பள்ளம் சார்" என்றார்.

"இல்லீங்கம்மா. லெவல் எடுத்துப் பாத்தாச்சு. ஒரே மட்டம்."

"மட்டந்தான் சார். தண்ணியும் மட்டமாத்தான் நிக்கும்."

நான் சிரித்து, வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு தெருவிலும் சாக்கடை போட்டிருப்பதைக் காட்டினேன். அவர் குனிந்து கவனமாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு சார். இந்தச் சாக்கடைத் தண்ணியெல்லாம் இங்கேருந்து எந்தப் பள்ளத்துக்கு ஓடும்?"

"அது ரெண்டாங்கட்டத் திட்டத்துல வருதும்மா."

அவர் வரைபடத்தை மடித்து என்னிடமே நீட்டினார். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: 'மக்களிடம் நீர் குறித்த காரணமற்ற அச்சம். விழிப்புணர்வு தேவை.' கீழே கோடும் போட்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் அதையே சொன்னார். நான் அதையே விளக்கினேன். மூன்றாம் முறை விளக்கி முடித்ததும், "சரிங்க சார், கைநாட்டு வைக்கிறோம்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார். விழா அந்த இடத்திலேயே பந்தல் போட்டு நடக்க வேண்டும். ஆனி பத்தாம் தேதிதான் வைக்க வேண்டும்.

மிராசுதாரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. "ஆனியெல்லாம் வேண்டாம் தம்பி. வைகாசிக்குள்ளயே முடிச்சிடுங்க."

"ஏன் சார்?"

"ஏன்னா... வைகாசின்னா வைகாசி தம்பி. நல்ல மாசம்."

அவருக்குக் காரணம் இருந்தது, வாயைத் திறந்து சொல்லத்தான் முடியாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் வைகாசி நல்ல மாதம் என்கிறார், அந்த அம்மாள் ஆனி பத்து என்கிறார், இரு தரப்பும் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பகுத்தறிவு மேடைகளில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன் நான். இருந்தாலும் மக்கள் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று பெரிய மனது பண்ணி, ஆர்.டி.ஓ.விடம் ஆனி பத்தைக் கேட்டு வாங்கினேன். மிராசுதார் பெருமூச்சு விட்டார். வாய்க்காலின் கடைக்கோடியான கடைமடைக்கு எந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் காலத்தில் வந்திருக்கிறது என்று அவர் மனதுக்குள் தேற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

விழாவுக்கு நாலு நாள் முன்பு அஞ்சலை பஸ் ஏறித் தஞ்சாவூருக்கே வந்துவிட்டார். "சார், பத்து வேண்டாம், பன்னெண்டு வச்சுக்கலாமா? தெருவுல ஒரு பொண்ணுக்குச் சடங்கு வச்சிருக்கு." அலைந்து திரிந்து அதையும் மாற்றிக் கொடுத்தேன். அன்று அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆனி பன்னிரண்டு. பந்தல், மைக் செட், கீழ்வேளூரிலிருந்து வாடகைக்கு எடுத்த ஐம்பது இரும்பு மடக்கு நாற்காலி. நடுவில் ஆர்.டி.ஓ., அவருக்கு வலது பக்கம் பட்டுக்கரை வேட்டியில் மிராசுதார். பின்னால் ஆளுயரத்துக்கு எங்கள் வரைபடம். பூங்காவுக்குப் பச்சை, பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள். தெருச்சனங்கள் மட்டும் பந்தலுக்குள் வராமல் மேட்டோரமாக வரிசையாக நின்றார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து மைக்கிலேயே இரண்டு முறை உள்ளே அழைத்தேன். "இருக்கட்டும் சார், நீங்க பேசுங்க!" என்று அஞ்சலை குரல் கொடுத்தார்.

பேசினேன். அந்தக் காலத்தில் மைக்கைத் தொட்டால் எல்லோருக்கும் அடுக்குமொழி வரும். எனக்கும் வந்தது. "மண்ணிலே உறுதி! மனையிலே அமைதி! மக்களுக்கோ நிம்மதி!"

அந்த நிம்மதியில்தான் எங்கோ 'சொர்ர்' என்று சத்தம் கேட்டது. பந்தலின் மேற்கோரத்தில் தரை கறுத்துக்கொண்டு வந்தது. பானைத் தண்ணீரை யாரோ கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "தம்பிங்களா, அங்கே பாருங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன். குறுவைக்கு இன்னும் யாரும் வயலில் இறங்கவில்லை. ஆகவே கல்லணையிலிருந்து வந்த முதல் தண்ணீரை வழியில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. வாய்க்காலில் வந்த அத்தனையும், வைக்கோலும் நுரையுமாக, வருஷா வருஷம் தங்குகிற தன் பழைய இடத்தைத் தேடி வந்துகொண்டிருந்தது. வெடிப்புகளுக்குள் இறங்கி, குமிழி விட்டு, அடுத்த வெடிப்புக்குத் தாவியது. நண்டுகள் வெளியே வந்து எங்களைப் பார்த்தன. (அந்தக் காற்றோட்டமுள்ள மண்ணில் குடியிருந்தவை.)

ஆர்.டி.ஓ. முதலில் செருப்பைத் தூக்கினார். பிறகு காலைத் தூக்கினார். பிறகு நாற்காலி மேல் ஏறினார். அதிகாரி ஏறிய பிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று எல்லோரும் ஏறினார்கள். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது நாற்காலியிலும் ஆபீஸ்காரர்களும் மிராசுதாரின் ஆட்களுமாக ஐம்பது பேர் ஏறி நின்றார்கள். ஊறிய களிமண்ணில் நாற்காலிக் கால்கள் புதைய, கனமானவர்கள் வேகமாக இறங்கினார்கள். மிராசுதார் எல்லோருக்கும் முந்திப் போய்க்கொண்டிருந்தார். மைக் செட்டுக்காரர் பேட்டரியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். வரைபடம் சாய்ந்து மிதந்தது. முதலில் பூங்கா மூழ்கியது, பிறகு பள்ளிக்கூடம். பேரவையின் ஸ்டாம்பு பேடு ஊதாவாகக் கரைந்து போனது. நான் செத்துப்போன மைக்கைப் பிடித்தபடி மேஜை மேல் ஏறி நின்றேன்.

கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஆர்.டி.ஓ. கேட்டார்: "இந்த இடத்துக்கு சர்டிபிகேட் குடுத்தது யாரு?"

மேஜை மேல் நின்றபடி கை தூக்கினேன். ராமநாதனும் தூக்கினான். விசுவாசம் என்றால் அது விசுவாசம்.

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் திரும்பினார். "நீங்கள்லாம் இப்ப எங்கம்மா இருக்கீங்க?"

"இந்தா, இங்கதான் சார் இருக்கோம்" என்றார் அஞ்சலை, நனையாத காலைக் காட்டி.

"அங்கேயே இருங்க."

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து மேட்டுக்குப் போனார். ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்து, மாற்றத்துக்கான தாளைக் கிழித்துவிட்டு, முப்பத்திரண்டு குடும்பங்களுக்கும் அந்த மேட்டிலேயே பட்டா என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். மிராசுதார் புதைந்த நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனியில் இங்கே தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துதான் வைகாசி கேட்டேன் என்று அவரால் அப்போதும் சொல்ல முடியவில்லை.

பேன்ட்டைப் பிழிந்துகொண்டு அஞ்சலையிடம் போனேன். "இன்னைக்குத்தான் தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தம்பி மதகு தொறக்கிற லஸ்கரு சார். தண்ணி எந்த ஊர் தாண்டுதுன்னு தெனம் சேதி அனுப்பிக்கிட்டே இருந்தான். ரெண்டு நாள் தாமசம்னான். அதான் உங்களைப் பாக்க வந்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"மூணு தரம் சொன்னேன் சார். நீங்க எழுதிக்கிட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கே பாவமாகிவிட்டது போல. "பெரிய படிப்புப் படிச்சவங்க ஸ்டாம்பு வச்சுக் குடுத்த காயிதம் சார் அது. நாங்க பேசி அதை அழிக்க முடியுமா? தண்ணி வந்துதான் அழிக்கணும்" என்று சொல்லி, ஒரு குவளை நீராகாரம் கொடுத்தார். வெட்கத்தை விட்டுக் குடித்தேன். அவர்கள் வீடு தப்பித்தது என்கிற சந்தோஷம் அந்த வெட்கத்துக்கு அடியில் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேரவை கலைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கலையவில்லை. புது ஸ்டாம்பு செய்வதற்கு முன்னால் ஒரு விதி செய்தோம்: கோடையில் பார்த்த இடத்தைத் தண்ணீர்க் காலத்திலும் பார்க்காமல் கையெழுத்துக் கிடையாது. அந்த விதியோடு ஐந்து பேர் ஐம்பது பேராகி, இருபத்திரண்டு ஊர்களுக்குத் திட்டம் போட்டோம். ஒன்றுகூட மூழ்கவில்லை. மார்தட்டித்தான் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். வரவேற்பில் ராமநாதன் மைக்கைப் பிடித்து இந்தக் கதை முழுவதையும் நண்டு உட்படச் சொன்னான். மணப்பெண் மாலையோடு குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அஞ்சலை தன் தெருக்காரர் பத்துப் பேரோடு மேடை ஏறி, தினத்தாளில் சுற்றிய பெரிய பொருள் ஒன்றைக் கொடுத்தார். பிரித்தால், புத்தம் புது இரும்பு மடக்கு நாற்காலி. முதுகில் பெயின்ட்டில் எழுதியிருந்தது: 'லெவல் சாருக்கு மேட்டுத்தெருவாரின் அன்பளிப்பு.'

அந்த நாற்காலி இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. யாரும் அதில் உட்காருவதில்லை. நான் ஏதாவது ஒரு விஷயத்தில் குரலை உயர்த்தி, "இதில் சந்தேகமே கிடையாது" என்று ஆரம்பித்தால் போதும், என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, அதை விரித்து என் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவாள். போன மாதம் என் மகள் சென்னைப் புறநகரில் ஒரு மனையைக் காட்டினாள். வண்ண வண்ணமாக வரைபடம், பச்சையில் பூங்கா. "அப்பா, எப்படி மட்டமா இருக்கு பாருங்க" என்றாள். மனைவி எழுந்திருப்பதற்குள் நானே போய் நாற்காலியை எடுத்து விரித்து, மகள் பக்கத்தில் போட்டேன்.

"ஐப்பசியில ஒரு தடவை போய் பாத்துட்டு வாம்மா" என்றேன்.